ரொட்டி வெட்ட ஆள் தேவை

“டிசம்பர் ஒம்பது எனக்கு லீவு வேணும். சட்டப்படி வேணும்.”

முதல் வாக்கியத்தோடு நிறுத்தியிருக்கலாம். இரண்டாவதை எந்நாளும் சொல்லக் கூடாது என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே என்னை எச்சரித்திருந்தார்கள். எச்சரித்தவள் சுசானா, என்னை இந்த ஆலைக்கு அனுப்பிய ஏஜென்சியின் ஒருங்கிணைப்பாளர். எல்லோரையும் “கண்ணு” என்றுதான் கூப்பிடுவாள். யார் பெயரும் அவளுக்குத் தெரியாது.

“சம்பளம் கூடக் கேளு கண்ணு, ஒண்ணும் ஆகாது, எப்படியும் தர மாட்டாங்க. கக்கூஸ்ல சோப்பு கேளு. கேன்டீன்ல கரண்டி கேளு. ஆனா சட்டப்படின்னு மட்டும் எதையும் கேட்டுடாத. சட்டப்படி ஒண்ணு தரணும்னா, யாராவது ஒருத்தர் ‘ஆமா, நான்தான் இவளோட முதலாளி’ன்னு கையெழுத்துப் போடணும். அப்படி ஒரு ஆளு இந்தக் காம்பவுண்டுலயே கிடையாது.”

அவள் வேடிக்கையாகப் பேசுகிறாள் என்று நினைத்தேன். நீஷ் நகரப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்தவள் நான், எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி. ஓர் ஒப்பந்தம் என்றால் அதில் இரண்டு தரப்பு இருக்கும் என்று அங்கே சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

எங்கள் ஆலை ஃபிரிட்ஜ் கதவைச் சுற்றி ஓடுகிற ரப்பர் விளிம்பைச் செய்கிறது. எந்த ஷிஃப்ட் எவ்வளவு விளிம்பு செய்ய வேண்டும் என்று திட்டம் போடுவது என் வேலை. ஆலைதான் எனக்கு மேசை கொடுக்கிறது, மேசைக்கு முன்னால் நின்று திட்டுகிறது. ஆனால் நான் ஆலையின் ஊழியர் அல்ல. என்னைத் தேர்ந்தெடுத்தது ஏஜென்சி. தேர்ந்தெடுத்து அனுப்பியதோடு அவர்கள் வேலை முடிந்தது. சம்பளச் சீட்டில் இருப்பதோ மூன்றாவது ஒரு பெயர். அடுத்தவர் ஆட்களுக்குத் தாங்கள் முதலாளியாக இருந்து தருவதையே தொழிலாகச் செய்கிற சேவை நிறுவனம் அது. எங்கள் லைனில் அவர்களைக் காகிதக்காரர்கள் என்போம்.

அப்பாவுக்கு ஒரே ஒரு முதலாளிதான், அரசாங்கம். சம்பளம் ஒழுங்காக வந்த மாதங்கள் குறைவு. ஆனாலும் சாயங்காலம் ராக்கியாச் சாராயத்தை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தால், யாரைத் திட்டுவது என்பதில் அவருக்குக் குழப்பம் வந்ததில்லை. எனக்கு அந்த வசதிகூட இல்லை.

அப்பா மார்ச்சில் இறந்தார். டிசம்பர் ஒன்பது எங்கள் வீட்டு ஸ்லாவா, அதாவது குடும்பத்துப் புனிதரின் நாள். எங்களுக்கு வாய்த்தவர் அலிம்பியே, ஒரு தூணின் மேல் ஏறி ஆயுள் முழுக்க நின்றவர். அன்றைக்கு மெழுகுவர்த்தி ஏற்றி, அவித்த கோதுமை வைத்து, பாதிரியார் வந்ததும் அவரோடு சேர்ந்து வீட்டுத் தலைவர் ரொட்டியைச் சிலுவையாக வெட்ட வேண்டும். வெட்டியவர் கடைசி விருந்தாளி கிளம்பும்வரை உட்காரக் கூடாது, வீட்டை விட்டு நகரவும் கூடாது. யாரையும் அழைப்பதில்லை. வருகிறவரை யாரும் திருப்பி அனுப்புவதுமில்லை. இதையெல்லாம் அப்பா செய்துகொண்டிருந்தார்.

அம்மா முடியாது என்றுவிட்டாள்.

“நான் வாழ வந்தவ. இது உங்கப்பன் வீட்டுச் சாமி. நீ நில்லு.”

ஆஸ்திரியாவில், லின்ஸில் இருக்கிற பெரியப்பா என்னைப் பற்றி அம்மாவிடம் போனில் வேறு மாதிரி சொன்னார். “நெவெனா நின்னா எனக்குச் சந்தோஷம். வேலை கீலைன்னு அவ போயிட்டா, வீட்டு ஐகான் படத்த நான் எடுத்துட்டுப் போயிடறேன். ஆளில்லாத வீட்டுல அலிம்பியே எதுக்குச் சும்மா நிக்கணும்?” சொன்னால் செய்கிறவர். அப்பாவின் துளையிடும் மெஷின் ஏற்கெனவே லின்ஸில் இருக்கிறது.

ஸ்லாவாவின் முதல் நாள் ஊழியருக்கு விடுமுறை என்று சட்டத்தில் எழுதியே இருக்கிறது. ஆகவே போய்க் கேட்டேன்.

ஆலையின் மனிதவளத் தலைவி கோர்தானா எழுந்து போய் முதலில் கதவைச் சாத்தினாள்.

“யாரு உனக்கு அதைச் சொல்லிக் கொடுத்தது?”

“எதை?”

“அந்த வார்த்தைய.”

“சட்டப்படின்னா?”

அவள் கையை உயர்த்தித் தடுத்தாள். “நெவெனா, உன்ன எனக்கு ரொம்பப் பிடிக்கும். எட்டு மணி நேரம் உன்னப் பாத்துக்கிட்டே இருக்கேன். எப்ப வர்ற, எப்பப் போற, எத்தன தடவ கக்கூஸ் போற, எல்லாம் எனக்குத் தெரியும். ஆனா நான் உனக்கு லீவு குடுத்தா என்ன அர்த்தம்? உன்ன வேலைக்கு வெச்சிருக்கேன்னு ஆகிடும். நாங்க உன்ன வேலைக்கு வைக்கலம்மா. பயன்படுத்துறோம், அவ்வளவுதான்.”

இதை அவள் ஆறுதலாகத்தான் சொன்னாள். வெளியே வரும்போது ஸ்லாவா வாழ்த்துகளும் சொன்னாள், முன்கூட்டியே.

சுசானாவிடம் போனேன். ஏஜென்சிக்கு ஆலையின் மாடியிலேயே ஓர் அறை.

“கேக்காதன்னு சொன்னேனா இல்லையா? கண்ணு, நாங்க உன்னக் கொண்டாந்து சேத்தோம். கல்யாணத்தப் பேசி முடிச்சு வெச்ச தரகர்கிட்ட வந்து, புருஷன் சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போகலன்னு கேப்பாங்களா யாராவது?”

“அப்ப புருஷன் யாரு?”

“அதத்தான் யாரும் கேக்கக் கூடாதுங்கறேன்.” அவள் எனக்கு ஒரு காபி போட்டுக் கொடுத்தாள். “பக்கத்து ரூமுக்குப் போய்ப் பாரு. அவங்கதான் கையெழுத்துப் போடறவங்க.”

பக்கத்து அறைதான் காகிதக்காரர்களின் கிளை. இரண்டு அறைக்கும் சேர்த்து ஒரே காபி மெஷின். உள்ளே ப்ரெத்ராக் இருந்தான், வக்கீல், படியச் சீவிய தலை. எழுந்து வந்து இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

“ரொம்ப மகிழ்ச்சி. ரெண்டு வருஷமா நான் உங்க முதலாளி, இன்னைக்குத்தான் சந்திக்கிறோம்.”

இந்தக் கட்டடத்தில் அந்த வாக்கியத்தை ஒருவர் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டது அதுவே முதல் தடவை. எனக்குக் கண் கலங்கிவிட்டது என்றால் நம்ப மாட்டீர்கள்.

“டிசம்பர் ஒம்பது லீவு வேணும்.”

“தாராளமா. இப்பவே போட்டுத் தர்றேன்.” போட்டான். கையெழுத்து, முத்திரை, எல்லாம். “காகிதத்துல நீங்க அன்னைக்கு லீவு.”

“நன்றி.”

“ஆலைக்கு வழக்கம்போல ஏழு மணிக்கு வந்துடுங்க.”

“லீவுன்னீங்களே.”

“காகிதத்துல. காகிதத்துல நடக்கறதுக்கு முழுப் பொறுப்பும் எங்களோடது. ஆனா நீங்க காகிதத்துல வேலை செய்யலையே? வேலை செய்யறது அங்க கீழ. அங்க நடக்கறதுல தலையிட எங்களுக்கு உரிமையில்ல, அதுதான் எங்க சேவையோட அழகே.” கொஞ்சம் யோசித்துவிட்டுப் பேனாவால் தாடையைத் தட்டிக்கொண்டான். “இன்னொன்னு கேக்கணும். இந்த ஸ்லாவா உங்களோடதா?”

“எங்கப்பாவோடது. இப்ப என்னோடது.”

“அப்பாவோடது. அவரு இல்ல. அவருக்கு முன்னாடி அவரோட அப்பாவோடது. அதாவது புனிதர் ஒருத்தர், குடும்பம் ஒண்ணு, நீங்க இடையில. பாருங்க, நீங்களே உங்க ஸ்லாவாவ மூணாவது தரப்பு வழியாத்தான் கொண்டாடறீங்க. எங்க முறை உங்களுக்குப் புதுசு ஒண்ணும் இல்ல.”

நான் விடுமுறைத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். அன்று வீட்டுக்குப் போனதும் அம்மா கேட்டாள்: “குடுத்துட்டாங்களா?”

“குடுத்துட்டாங்க. ஆனா போகணும்.”

அம்மா அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். “எதிர்வீட்டுக்காரி கேட்டா, எம்பொண்ணு யார்கிட்ட வேலை பாக்கறான்னு சொல்றது? படிக்க வெச்சதே இதுக்கெல்லாம் பதில் தெரிஞ்சிக்கத்தான்.”

அந்த வாரத்தில்தான் எங்களுக்குச் சுதந்திரம் கிடைத்தது. இரண்டு இடைத்தரப்புக்கும் கட்டணம் கொடுப்பது அதிகப்படி என்று ஆலையின் மேலிடத்துக்குத் தோன்றியிருக்கிறது. இனி ஏஜென்சியா, சேவை நிறுவனமா, ஒன்றே போதும். எது என்று தொழிலாளர்களே முடிவு செய்யட்டும். எல்லோரையும் கேன்டீனில் கூட்டினார்கள். சீட்டுப் போட, ஏஜென்சிக்கு ஒரு நீலப் பெட்டியும் சேவை நிறுவனத்துக்கு ஒரு பச்சைப் பெட்டியும் மேசைமேல் இருந்தன.

“இதுவரைக்கும் உங்க முதலாளி யாருன்னு ஒரு குழப்பம் இருந்துச்சு” என்று கோர்தானா தொடங்கினாள். “இனி அந்தக் குழப்பத்த நீங்களே தேர்ந்தெடுத்துக்கலாம். மேலிடம் உங்க மேல வெச்சிருக்கற மரியாதையத்தான் இது காட்டுது.”

சுசானா திரையில் படம் காட்டினாள். வேறு ஏதோ நாட்டில் யாரோ பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“கண்ணுங்களா, எங்களோட பலம் வேகம். காலையில ஒருத்தர் நின்னா மத்தியானத்துக்குள்ள இன்னொருத்தர் வந்துடுவார். உங்கள்ல யாரு போனாலும் சரி, நீங்க போனதே ஆலைக்குத் தெரியாது. அவ்வளவு கச்சிதம்.”

ப்ரெத்ராக் படம் எதுவும் காட்டவில்லை. “எங்ககிட்ட வேகம் இல்ல. நிரந்தரம் இருக்கு. நீங்க வேலைய விட்டாலும், ஊர விட்டாலும், உங்க கோப்பு எங்களோடயே இருக்கும். போன வருஷம் காலமான ஒரு நண்பருக்கு நாங்க இன்னும் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பிக்கிட்டிருக்கோம். அவர் குடும்பத்துலேர்ந்து ஒரு புகார் வந்ததில்ல.”

வார்ப்பு லைனில் வேலை செய்கிற பிசெர்கா அக்கா கை தூக்கினாள். அவள் கை தூக்கினாலே மேற்பார்வையாளர்கள் முகம் மாறும்.

“எனக்கு ஒண்ணு விளங்கல. நாளைக்கு மெஷின்ல மாட்டி என் கால் ஒடஞ்சா நான் யார்கிட்ட வரணும்?”

“எங்ககிட்ட வாங்க” என்றாள் சுசானா உடனே. “அதே ஷிஃப்டுல உங்க இடத்துல வேற கால் நிக்கும்.”

“எங்ககிட்ட வந்தா, உங்க கால் முறைப்படி ஒடஞ்சதா பதிவாகும்” என்றான் ப்ரெத்ராக்.

“கட்டுப் போடறது?”

இருவரும் கோர்தானாவைப் பார்த்தார்கள். கோர்தானா, “நாங்க ரெண்டாவது காலைத் தொடர்ந்து பயன்படுத்திக்குவோம்” என்றாள். சொன்ன பிறகு அவளுக்கே ஏதோ போலிருந்திருக்க வேண்டும், தண்ணீர் குடித்தாள்.

அடுத்து நான் எழுந்தேன். “எந்தப் பெட்டியில பேரு போட்டா டிசம்பர் ஒம்பது எங்க வீட்டுல இருக்கலாம்?”

மூன்று பேரும் மூலைக்குப் போய்த் தலையைச் சேர்த்துக்கொண்டு பேசினார்கள். திரும்பி வந்த கோர்தானா, என் கேள்வி மிகவும் மதிப்புள்ளது, அதை மேலே அனுப்புகிறோம் என்றாள். எங்கள் ஆலையில் மேலே போன எதுவும் கீழே வந்ததில்லை. இது மட்டும் வந்தது. சில நாள் கழித்துக் கோர்தானா என் மேசைக்கே வந்தாள், முகமெல்லாம் வெளிச்சம்.

“உன் கோரிக்கைய ஏத்துக்கிட்டாங்க.”

“லீவா?”

“லீவ விடப் பெருசு. டிசம்பர் ஒம்பது இனி நம்ம எல்லாருக்கும் ஸ்லாவா. ஆலை, ஏஜென்சி, சேவை நிறுவனம், மூணும் சேர்ந்து கொண்டாடப் போறோம். உன் அலிம்பியேவ நாங்க எடுத்துக்கிட்டோம். நீ வீட்டுக்கே போக வேண்டாம். ஸ்லாவா உன்னத் தேடி வருது.”

“வராம இருக்கலாமா?”

“கட்டாயம் வரணும். ஒரு தொழிலாளியோட குரலக் கேட்டுச் செய்யறோம், அந்தத் தொழிலாளியே இல்லன்னா மேலிடம் என்ன நினைக்கும்? வேலை நேரம்னு கணக்குல வராது, கொண்டாட்டம்தானே. அப்புறம், எவ்வளவு பீன்ஸ் அவிக்கணும்னு உனக்குத்தான் தெரியும். ஷிஃப்ட் வாரியா ஒரு திட்டம் போட்டுக் குடு.”

போட்டுக் கொடுத்தேன். அதுதான் என் வேலை. நோன்புக் காலம் என்பதால் இறைச்சி கிடையாது, பீன்ஸ், கெண்டை மீன் சூப், கோதுமை. மூன்று ஷிஃப்டும் விருந்தாளிகள். பகல் ஷிஃப்ட் போனதும் மாலை ஷிஃப்ட், அது போனதும் இரவு ஷிஃப்ட். திட்டத்தின்படி கடைசி விருந்தாளி மறுநாள் காலை போவார்.

ராஜினாமா கொடுத்துவிடலாம் என்று தோன்றாமல் இல்லை. ஆனால் அதை வாங்கிக்கொள்ளவும் ஒரு முதலாளி வேண்டும். கோர்தானா வாங்கினால் அவள் முதலாளி ஆகிவிடுவாள். சுசானா என் இடத்துக்கு மத்தியானத்துக்குள் ஆள் அனுப்புவாள். ப்ரெத்ராக் வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டு, கீழே வழக்கம்போல ஏழு மணிக்கு வரச் சொல்வான்.

ஸ்லாவாவுக்கு முந்தைய நாள் பெரியப்பா காரில் வந்து இறங்கினார். கோட்டைக் கழற்றுமுன் சுவரில் இருந்த ஐகானைப் பார்த்தார், பிறகு காரின் பின்பக்கத்தைப் பார்த்தார். இடம் போதும் என்று அவருக்குத் திருப்தி.

“நாளைக்கு நிக்கிறியா?” என்றார்.

“நிக்கிறேன்.”

“வேலை?”

“இருக்கு.”

“ரெண்டும் எப்படி?”

பதில் சொல்லாமல் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த அம்மாவிடம் போனேன். பாதிரியார் ரதிவோயே எப்போது வருவார் என்று கேட்டேன்.

“முதல்ல உங்க ஆலைக்குத்தானாம். அங்கேர்ந்து நேரா நம்ம வீடு. அப்புறம் பாலத்துக்கு அந்தப் பக்கம். உங்க ஆலையிலயே அவரப் பிடிச்சு வெச்சுக்கிட்டாங்கன்னா போச்சு. பொழுது சாஞ்சு யாரு ரொட்டி வெட்டறது?”

“பிடிச்சு வெச்சுக்க மாட்டாங்க. நான் கூட்டிட்டு வர்றேன்.”

மறுநாள் காலை அதற்காகத்தான் போனேன். போனதும் மேசையிலிருந்த என் காபிக் கோப்பையைக் கழுவித் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டேன். இழுப்பறையில் வேறு எதுவும் என்னுடையது இல்லை.

கேன்டீனை அலங்கரித்திருந்தார்கள். சுவரில் ஒட்டிய பெரிய படத்தில் அலிம்பியே தூணின் மேல் நின்றார். தூணின் அடியில் மூன்று நிறுவனங்களின் சின்னங்கள் இருந்தன. அவற்றின்மேல் நிற்க வேண்டியிருப்பதால்தான் அவர் முகம் அப்படிச் சுளித்திருக்கிறது என்றாள் பிசெர்கா அக்கா. ரொட்டியின்மேல் வழக்கமாக மாவில் செய்து வைக்கிற புறாவும் திராட்சைக் குலையும் இருந்தன. நடுவில், புனித முத்திரையைச் சுற்றி, கச்சிதமாக ஓடிய மாவு விளிம்பு ஒன்று.

“அது என்னது?” என்றேன்.

“நம்ம தயாரிப்பு” என்றாள் கோர்தானா.

பிறகு அவள் பேசினாள். “புனித அலிம்பியே பல பத்தாண்டு ஒரே தூண்மேல நின்னார். ஓவர்டைம் கேட்டாரா? நாற்காலி கேட்டாரா? ஸ்லாவாவுக்கு லீவு கேட்டாரா? இல்ல. நம்ம ஆலைக்கு இவரவிடப் பொருத்தமான புனிதர் யாரு?” யாரோ கை தட்டினார்கள். எனக்குப் பக்கத்தில் நின்ற பிசெர்கா அக்கா, “அவருக்கு அந்தத் தூணாவது யாரோடதுன்னு தெரிஞ்சிருக்கும்” என்றாள்.

பாதிரியார் ரதிவோயே பனிச்சேறு ஒட்டிய பூட்ஸோடு வந்து, அங்கியைச் சரிசெய்துகொண்டு, மெழுகுவர்த்தி ஏற்றி, கோதுமையின்மேல் மதுவை ஊற்றினார். கத்தியை எடுத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தார்.

“வீட்டுத் தலைவர் வாங்க.”

மேலிடத்திலிருந்து யாரும் வந்திருக்கவில்லை. கோர்தானா ஓரடி எடுத்து வைத்தாள், அவள் முகத்தில் பெருமை. அப்போதுதான் கதவு திறந்தது. கக்கத்தில் ஒரு பாட்டிலை இடுக்கிக்கொண்டு, தொழிலாளர் துறை ஆய்வாளர் மிலோயே உள்ளே வந்தார். ஸ்லாவாவுக்கு யாரையும் அழைப்பதில்லை, வந்தவரைத் திருப்பி அனுப்பவும் முடியாது. அவர் எல்லோருக்கும் வாழ்த்துச் சொல்லி, பாட்டிலை மேசைமேல் வைத்து, சூப் பானைக்குப் பக்கத்து நாற்காலியைப் பிடித்தார்.

“மூணு வருஷமா புகார் போட்டோம், எட்டிப் பாக்கல” என்றாள் பிசெர்கா அக்கா. “கெண்டை மீனுக்கு வந்துட்டாரு பாரு மனுஷன்.”

கோர்தானா எடுத்து வைத்த அடியைப் பின்னால் எடுத்தாள்.

“யாரு தலைவர்?” என்றார் பாதிரியார் மறுபடியும்.

“நாங்க இடம் மட்டும்தான் குடுத்திருக்கோம், சாமி” என்றாள் கோர்தானா, ஆய்வாளருக்குக் கேட்கும்படி. “இங்க நடக்கற எதுக்கும் நாங்க தலைவர் இல்ல.”

“நாங்க ரொட்டியக் கொண்டாந்தோம். கொண்டாந்ததோட சரி” என்றாள் சுசானா.

“ரொட்டி எங்க பேர்லதான் இருக்கு” என்று ப்ரெத்ராக் ஒத்துக்கொண்டான். “ஆனா வெட்டறது எங்க சேவைல வராது.”

பாதிரியார் கத்தியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். அவருக்குக் கோபம் வரவில்லை, களைப்புத்தான் வந்தது. “எனக்கு இன்னும் நிறைய வீடு இருக்கு. ஜெபத்துல இந்த வீட்டார்னு சொல்லி ஒரு பேரச் சொல்லணும். எந்தப் பேரச் சொல்லட்டும்?”

“பேரு குறிப்பிடாமப் பண்ண முடியாதுங்களா?” என்றான் ப்ரெத்ராக்.

“கடவுளுக்கா?”

மூன்று பேரும் மறுபடி மூலைக்குப் போனார்கள். ஆய்வாளர் பானை மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு மூடினார். அந்தச் சத்தத்துக்கு மூவரும் துள்ளினார்கள்.

திரும்பி வரும்போது அவர்களுக்குத் தீர்வு கிடைத்திருந்தது. சொல்லப் போனால் அது அழகான தீர்வு. இந்த முறைக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்றை எந்தப் பேராசிரியரும் எனக்குக் கற்றுத் தந்திருக்க முடியாது.

“தற்காலிகமா ஒரு தலைவர நாங்க அனுப்பறோம்” என்றாள் சுசானா.

“நாங்க அவரப் பதிவு பண்ணிக்கறோம்” என்றான் ப்ரெத்ராக்.

“நாங்க பயன்படுத்திக்கறோம்” என்றாள் கோர்தானா.

மூவரும் என்னைப் பார்த்தார்கள்.

“நீதானே கண்ணு கேட்ட” என்றாள் சுசானா. “ரொட்டி வெட்டணும்னு ஆசைப்பட்டது நீதானே? இங்கயே வெட்டு. ஒரு நிமிஷ வேலை.”

“வெட்டினா?”

“வெட்டினா என்ன? அப்படியே நில்லு, கடைசி விருந்தாளி போற வரைக்கும்.”

கடைசி விருந்தாளி எப்போது போவார் என்று எனக்குத் தெரியும். திட்டம் போட்டவள் நான். அதற்குள் அலிம்பியே ஆஸ்திரியாவின் எல்லையைத் தாண்டியிருப்பார், அப்பாவின் துளையிடும் மெஷின் போன வழியிலேயே.

பாதிரியார் கத்தியை என் பக்கம் நீட்டினார். அவரும் என்ன செய்வார்? கேன்டீன் முழுக்க என்னைப் பார்த்தது. பகல் ஷிஃப்டுக்குப் பசி.

“நான் வெட்டறேன்” என்றேன். “ஆனா தலைவர்னு வெட்டறவளுக்கு வீடு ஒண்ணு வேணும். நான் யாரோட வீட்டுத் தலைவி? அதை மட்டும் அவர் முன்னாடி சொல்லுங்க.” ஆய்வாளரைக் காட்டினேன். “யாராவது ஒருத்தர் சொல்லுங்க. இவ எங்க வீட்டு ஆளுன்னு.”

இரண்டு வருடமாகக் கேட்க வேண்டியிருந்தது இந்த ஒன்றைத்தான். கேட்டு முடித்ததும் உடம்பு லேசாக இருந்தது. பதில் எனக்குத் தேவைப்படவே இல்லை.

கோர்தானா சூப் கரண்டியைத் தேடத் தொடங்கினாள். சுசானா போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள். ப்ரெத்ராக், “இது இன்னைக்கு முடிவு பண்ற விஷயம் இல்ல” என்றான்.

நான் கத்தியை வாங்கிக் கழுவி, துணியில் துடைத்து, வெட்டாத ரொட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். அப்பா அப்படித்தான் வைப்பார்.

“சாமி, அடுத்து எந்த வீடு?”

வீடுகளின் பட்டியலைப் பார்க்க அங்கியின் பையிலிருந்து கண்ணாடியை எடுக்கப் போன ரதிவோயே, எடுக்காமலே சொன்னார். “உங்க வீடுதான், மகளே.”

“வாங்க போலாம். எங்க வீட்டுல யாரு தலைவர்னு தெரியும்.”

“அப்ப நாங்க?” என்றாள் கோர்தானா.

“தலைவர் கிடைச்சதும் சொல்லி அனுப்புங்க. இல்லன்னா பாலத்துக்கு அந்தப் பக்கம் முடிச்சிட்டு வந்து பாக்கறேன்” என்றார் அவர், தூபக்கலசத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டே.

வாசலுக்கு அந்தப் பக்கம் ஒரு மேசையில் நீலப் பெட்டியும், இந்தப் பக்கம் ஒரு மேசையில் பச்சைப் பெட்டியும் சீட்டுக்காக இன்னும் இருந்தன. இரண்டுக்கும் நடுவில்தான் வழி.

“நெவெனா” என்று கோர்தானா பின்னாலிருந்து கூப்பிட்டாள். “உன் சீட்டு? எந்தப் பெட்டின்னு சொல்லிட்டுப் போ.”

என் பைக்குள் காபிக் கோப்பையும், காகிதத்தில் நான் இன்று விடுமுறை என்கிற தாளும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன. நான் திரும்பவில்லை.

“அம்மா கோதுமைல வால்நட் போடுவாங்களா?” என்று படியிறங்கும்போது பாதிரியார் கேட்டார்.

“நிறைய.”

பின்னால், ஆய்வாளர் மிலோயே முதல் தடவையாகப் பானையிலிருந்து தலையைத் தூக்கியிருக்க வேண்டும். “அந்தப் பொண்ணு யார்கிட்ட வேலை பாக்குது?” என்று அவர் பேச்சுவாக்கில் கேட்டது காதில் விழுந்தது. கேன்டீனில் சத்தமே இல்லை. நாங்கள் வாசலைத் தாண்டி, பாதிரியாரின் கார் நின்ற இடம்வரை சேற்றில் நடந்து, கதவைச் சாத்துகிறவரை அந்தச் சத்தமின்மை அப்படியே இருந்தது.